அத்தையின் தொண்டையில் நாற்பத்தெட்டு நிமிடங்கள்

1

இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்துத் தொடங்குகிறேன்.

முதலாவது, என் நாட்குறிப்பு. "ஜூலை, முதல் புதன். 7.20: அத்தைக்குப் போன் அடித்தேன், லைன் பிஸி. 7.22: கிடைத்தார். 8.10 வரை பேச்சு. இடம்: ரயில். அத்தையின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. மட்டாஞ்சேரியில் மழையாக இருக்கலாம். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்த தேதி இன்னும் தீரவில்லை."

இரண்டாவது, எர்ணாகுளத்து மருத்துவமனை ஒன்று அத்தைக்குத் தந்த ஸ்கேன் அறிக்கை. அதே புதன். "ஊசி போட்ட நேரம் 10.35. ஸ்கேன் தொடக்கம் 11.45. இடைப்பட்ட நேரத்தில் நோயாளி பேசாமல் ஓய்வில் இருந்தார். குரல்வளையின் இருபுறமும் மிகையான ஒளிர்வு, வலப்பக்கம் சற்றுக் கூடுதல். உள்நோக்கிச் (எண்டோஸ்கோப்பி) சோதனை செய்துகொள்ளப் பரிந்துரைக்கப்படுகிறது."

கோடையில், நான் வசிக்கும் ஹாலந்தைவிடக் கொச்சி மூன்றரை மணி நேரம் முன்னால். கூட்டிப் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு இந்தக் குறிப்பு இங்கேயே முடிந்துவிட்டது. மற்றவர்களுக்காக மீதியை எழுதுகிறேன்.

2

நான் மட்டாஞ்சேரியில் பிறந்த தமிழன். எங்கள் தெருவிலிருந்து டச்சுக் கொட்டாரம் என்ற அரண்மனைக்கு நடந்தே போய்விடலாம். டச்சுக்காரர்கள் மிளகுக்காக எங்கள் ஊருக்கு வந்தார்கள். நான் எலிக்காக அவர்கள் ஊருக்கு வந்தேன். வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது.

வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் ஓர் அம்மாள் என் தொழில் என்ன என்று கேட்டார். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைச் சுண்டெலிக்கு ஊசியாகப் போட்டு, அது உடம்புக்குள் எங்கே எவ்வளவு வேகத்தில் போகிறது என்று நொடிக்கு நொடி படம் எடுத்து, அந்த ஓட்டத்துக்குச் சமன்பாடு எழுதுகிறேன் என்பதை, எனக்கு அன்றிருந்த டச்சு மொழியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் பதிவேட்டில் "புகைப்படக் கலைஞர், விலங்குகள்" என்று எழுதினார். திருத்துவதற்கு ஒரு படிவம் உண்டு. அதை நிரப்பினால் முதலில் நான் புகைப்படக் கலைஞர் இல்லை என்பதற்குச் சான்று கேட்கிறார்கள். இல்லாத ஒன்றுக்குச் சான்று எங்கே வாங்குவது என்று விட்டுவிட்டேன். இன்றும் வருடத்துக்கு ஒருமுறை நாய்க்குட்டிப் படப் போட்டிக்கு எனக்கு அழைப்பு வருகிறது.

மட்டாஞ்சேரியிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. அத்தை மகன் சுரேஷ் என்னை எலி டாக்டர் என்றுதான் அறிமுகப்படுத்துவான். பஜாரில் மசாலாக் கிடங்கு வைத்திருக்கும் அவன் நண்பர் ஒருவர் ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கெயுள்ள எலியை எல்லாம் அங்கே கொண்டு போக விசா ஏதாவது கிட்டுமோ?" என்று மிகுந்த நம்பிக்கையோடு கேட்டார்.

அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கும் தருகிறேன், இந்தக் கதைக்குத் தேவைப்படும். ரத்தத்தைப் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைத் துகள்கள் அதில் வரும் பயணிகள். மட்டாஞ்சேரி ஜெட்டியில் சிலர் இறங்குகிறார்கள். அவர்களில் சிலர் கரையில் நின்று காற்று வாங்கிவிட்டு அடுத்த படகில் திரும்புகிறார்கள். சிலர் பஜாருக்குள் நுழைந்து கடைக்காரர்களிடம் மாட்டிக்கொள்கிறார்கள், அப்புறம் திரும்புவதில்லை. இறங்கும் வேகம், திரும்பும் வேகம், மாட்டிக்கொள்ளும் வேகம் ஆகிய மூன்றையும் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். பசியுள்ள திசு அதிகம் பேரை மடக்கும். புற்றுக்கட்டி பசியுள்ளது, ஆகவே படத்தில் ஒளிரும். உழைக்கும் தசையும் பசியுள்ளது, அதுவும் ஒளிரும். வம்பு முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது.

இந்தக் கணக்குக்குப் படகில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது தெரிய வேண்டும். மனிதனானால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். சுண்டெலிக்கு மொத்த ரத்தமே அரைத் தேக்கரண்டிக்குக் குறைவு. இரண்டு தடவை எடுத்தால் மூன்றாவது தடவை எடுக்க எலி இருக்காது. அதனால் அதன் இதயத்தின் படத்தைப் பார்த்தே ரத்தத்தில் உள்ளதைக் கணிக்கிறோம். இதயம் ஒரு பயறு அளவு. பத்தொன்பது வருடமாக அந்தப் பயறைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எலி மயக்க வாயுவில் தூங்கும். கீழே வெதுவெதுப்பான மெத்தை. ஒருநாள் மெத்தையின் மின்சாரத்தைப் புதிதாக வந்த மாணவர் ஒருவர் போட மறந்துவிட்டார். எலியின் பிடரியில் பளிச்சென்று ஏதோ ஒளிர்ந்தது. அறை முழுக்கப் பரபரப்பு. எலிக்குக் குளிர், அவ்வளவுதான். குளிர்ந்தால் பிடரிக் கொழுப்பு சர்க்கரையை எரித்துச் சூடு உண்டாக்கும். அன்றிலிருந்து புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஒளிர்வதைக் கண்டால் நோயைத் தேடுவதற்கு முன், அந்த ஒரு மணி நேரம் விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று கேளுங்கள்.

சொல்வது சுலபம்.

3

கோமதி அத்தை என் அப்பாவின் தங்கை. ஆட்களே லைன் இணைத்துக் கொடுத்த காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் அவர் பேசாமல் இருந்த நேரம் என்று எதுவும் எங்கள் குடும்பத்தில் பதிவாகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கழுத்தில் நிணநீர்ப் புற்றுக்கட்டி என்று கண்டுபிடித்து, மருந்து ஏற்றி, சரியாகிவிட்டது. மறுபடி வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன்.

நான் புதன்கிழமைதோறும் வேலைக்குப் போகும் ரயிலில் அவருக்குப் போன் செய்வேன். குடும்பத்தின் காலவரிசை ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். யார் எப்போது பிறந்தார், எந்த வீட்டுக்கு எந்த மாதம் குடி போனார்கள் என்பதெல்லாம் அதில் வரும். அத்தைதான் என் முக்கியச் சாட்சி. ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று தேதி தரும் சாட்சி. செயலி வழியாகப் பேச அவருக்குப் பிடிக்காது. பழைய பொத்தான் போனில்தான் பேசுவார்.

ஸ்கேன் வியாழக்கிழமை என்று எனக்குத் தெரியும். ஆனால் மருந்து கொண்டுவரும் வண்டி ஒருநாள் முன்னதாக வருகிறது என்று மருத்துவமனை அதைப் புதனுக்கு மாற்றியது எனக்குத் தெரியாது. அந்த மருந்து காத்திருக்காது. இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். ஆகவே நோயாளிதான் அதற்கு வளைந்து கொடுக்க வேண்டும். அன்றைக்கு நான் "என்ன அத்தை பண்றீங்க?" என்று கேட்டேன். "சும்மா படுத்திருக்கேன்டா" என்றார். அது உண்மைதான். ஈயக் கதவு போட்ட அறையில், உடம்பு முழுக்கக் கதிரியக்கச் சர்க்கரையோடு, பேசக் கூடாது என்று எழுதி ஒட்டிய சுவருக்குக் கீழே, சும்மா படுத்திருந்தார்.

மறுநாள் மாலை சுரேஷ் அறிக்கையை அனுப்பினான். பிறகு அவனே கூப்பிட்டான். ஸ்கேனுக்கு அவனும் அவன் மனைவி ஷைனியும் அத்தையோடு போயிருந்தார்கள்.

"அத்தான், தொண்டையில என்னமோ லைட் அடிக்குதாம். டாக்டர் ரெண்டு தடவை கேட்டார், அம்மா அந்த நேரத்துல பேசினாங்களான்னு. பேசியிருந்தா இப்படித் தெரியும், பயப்பட வேண்டாம்னார்."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"இல்லேன்னுட்டாங்க. ஷைனியும் பக்கத்துல நின்னு சொன்னா, போன் என் கையிலதான் இருந்துதுன்னு. அப்பறம்தான் டாக்டர் முகம் மாறிச்சு. குழாய் விட்டுப் பார்த்து, தேவைப்பட்டா ஒரு துண்டு எடுக்கணுமாம். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை."

போனை வைத்துவிட்டு நாட்குறிப்பைத் திறந்தேன். ஏழு இருபத்திரண்டுடன் மூன்றரையைக் கூட்டினேன். பத்து ஐம்பத்திரண்டு. இன்னொரு தடவை கூட்டினேன். கூட்டல் மாறவில்லை.

அப்போதே சுரேஷிடம் சொல்லியிருக்கலாம். எப்படியும் பள்ளி விடுமுறைக்காக ஞாயிற்றுக்கிழமை மகளோடு மட்டாஞ்சேரிக்குப் புறப்படுகிறேன், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். கோழைத்தனத்துக்குப் பயணச்சீட்டு வாய்த்தால் அது மரியாதையாகத் தெரிகிறது.

4

மகள் மைதிலிக்குப் பதினைந்து வயது. அவளைப் பற்றி ஊரில் யார் கேட்டாலும் நான் பெருமூச்சு விடுவது வழக்கம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஐந்து வருடம் உட்கார வைத்தேன். நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள், அதுவும் ஒரு காதில் மாட்டியதைக் கழற்றாமல். விமானத்திலும் அப்படித்தான் வந்தாள். நெடும்பாசேரியில் இறங்கியதும் மழை. மட்டாஞ்சேரி போகும் வழி முழுக்க அவள் ஜன்னல் வழியே கடைப் பலகைகளைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். பாட்டு கேட்கிறாள் என்று நினைத்தேன்.

வீட்டில் சுரேஷின் மனைவி ஷைனி கதவைத் திறந்தாள். இடக்கொச்சிக்காரி. மலையாளம் பேசும் வீட்டில் பிறந்து, எங்கள் வீட்டுக்கு வந்த ஆறே மாதத்தில் தமிழ் கற்றுக்கொண்டு, அத்தையின் மருந்து, உணவு, நடமாட்டம் எல்லாவற்றையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தவள்.

"சேட்டா, அம்மா ரெண்டு நாளா சரியா சோறு உண்ணல. நீங்க ஒண்ணு பறஞ்சு பாருங்க. சாயா எடுக்கட்டா?"

அத்தை மாடியில் இருந்தார். நான் ஏறிப் போனதும் கதவைச் சாத்தினார்.

"நீ என்னைப் போன்ல விளிச்சது யார்கிட்டயாவது சொன்னியாடா?"

"இல்ல அத்தை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

"சொல்ல வேண்டாம்."

"அத்தை, அது நோயே இல்லாம இருக்கலாம். நீங்க பேசினதால தொண்டைத் தசை வேலை செஞ்சிருக்கு. வேலை செஞ்ச இடத்துக்குச் சர்க்கரை போயிருக்கு. இதைச் சொன்னா செவ்வாய்க்கிழமை குழாயே வேண்டாம்னு டாக்டர் சொல்வார்."

"தெரியும். அந்த நர்ஸ் கொச்சுப் பொண்ணு ஊசி குத்தும்போதே சொல்லிச்சு, பேசினா படத்துல தொண்டை கத்தும், லைட் எரியற மாதிரி தெரியும் அம்மேன்னு."

"தெரிஞ்சுமா போனை எடுத்தீங்க?"

"மணி அடிச்சா எடுக்காம இருக்க எனக்கு ஆகுமாடா? முப்பது வருஷம் அதுக்குத்தானே சம்பளம் தந்தாங்க." மடியைத் தட்டிக் காட்டினார். அன்று ஷைனி வாங்கி வைத்துக்கொண்டது தொடுதிரைப் போனை மட்டும். பொத்தான் போன் இடுப்பில் இருந்திருக்கிறது.

"ஷைனி திட்டுவான்னு பயமா?"

"அவ திட்டினா நான் ரெண்டு திட்டுவேன். அதல்ல." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பேசினேன்னு சொன்னா என்ன செய்வாங்க? வாயை மூடிக்கிட்டு இன்னொரு தடவை படம் எடுன்னு சொல்வாங்க. எடுத்து, அப்பவும் லைட் கத்திச்சுன்னா? இப்ப எனக்குள்ள ஒரு காரணம் இருக்கு. ராத்திரி முழிச்சா அதை எடுத்துப் பார்த்துட்டு, பேசினதாலதான்னு சொல்லிக்கிட்டுத் திரும்பப் படுத்துக்குவேன். அதையும் அவங்க கையில கொடுத்துட்டா என்கிட்ட என்னடா இருக்கு?"

என் தொழிலில் இந்தக் கேள்விக்கு இடம் இல்லை. எலிகளுக்குத் தம் படம் எப்படி வரும் என்ற கவலை கிடையாது.

"ஆனா குழாய்?"

"குழாய்னா மயக்கம் போடுவாங்க. மயக்கத்துல பயம் இல்லையே."

5

திங்கட்கிழமை மத்தியானம் ஷைனி மருத்துவமனைக்குப் பை கட்டிக்கொண்டிருந்தாள். போன தடவை கொண்டுபோன அதே பை. அதன் உள்ளறையிலிருந்து ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வெளியே வந்தது. அத்தை ஓய்வு பெற்றும் விடாத ஒரு பழக்கம் உண்டு: எந்த அழைப்பானாலும் நேரம், ஊர், எத்தனை நிமிடம் என்று பென்சிலால் குறித்துவிடுவார். எக்ஸ்சேஞ்சில் சீட்டு எழுதிய கை. குற்றம் செய்யும்போதும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

ஷைனி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். "புதன். 10.37, ஹாலந்து, பதினாலு மினிட். 10.52, ஹாலந்து, நாற்பத்தெட்டு மினிட்." தலையை நிமிர்த்தினாள். "பத்து முப்பத்தஞ்சுக்கு அல்லே ஊசி?"

அத்தை ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நாற்பத்தெட்டு நான்," என்றேன்.

"எலியை வச்சுப் படிச்சவரு," என்றாள் ஷைனி. "எலிக்குக்கூட இவர் இப்படிச் செய்ய மாட்டாரு. அம்மா, டாக்டர் ரெண்டு தடவை கேட்டப்போ நான் பக்கத்துல நின்னு சத்யம் பண்ணேனே, எனக்கு ஒரு விலையும் இல்லியா?"

"விடு ஷைனி," என்றான் சுரேஷ். "அது போகட்டும், அந்தப் பதினாலு யாரு? அத்தான், ரெண்டு தடவை விளிச்சீங்களா?"

இல்லை. ஏழு இருபதுக்கு லைன் பிஸி என்று என் நாட்குறிப்பே சொல்கிறது. ஹாலந்தில் எங்கள் வீட்டைத் தவிர அத்தைக்கு வேறு யாரையும் தெரியாது.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் மலையாளத்தில் வந்தது. "ஆத்யத்தெ விளி ஞானா."

மைதிலி. முதல் அழைப்பு தன்னுடையது என்கிறாள். சொன்ன செய்தியைவிடச் சொன்ன மொழிதான் எங்கள் நால்வரில் மூவரைத் தூக்கிப் போட்டது. நான்காமவரான அத்தை ஜாடியை விட்டுவிட்டு, உச்சரிப்பு நன்றாக வந்ததில் கொஞ்சம் பூரித்துப் போனதைப் பார்த்தேன்.

விசாரித்ததில் வெளிவந்தது இது. ஷைனியின் பிள்ளைகள் தங்களுக்குள் மலையாளத்திலேயே பேசிச் சிரிப்பதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மலையாளத்திலேயே எழுதுவதும் இவளுக்குப் புரியவில்லை. ஒன்பது மாதமாகப் புதன்கிழமைகளில், பள்ளிக்குக் கிளம்புமுன், அத்தையிடம் பாடம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அதுக்கும் ஒரு சனிக்கிழமை வகுப்பு கண்டுபிடிச்சிருப்பீங்க," என்றாள். தமிழில்.

எனக்குள் இரண்டு உணர்ச்சிகள் ஒரே நேரத்தில் எழுந்தன. மகளைப் பற்றிப் பத்து வருடமாக விட்ட பெருமூச்சுகள் வீண் என்பது ஒன்று. இன்னொன்றை எழுதக் கூச்சமாக இருக்கிறது: நான் தப்பித்துக்கொண்டேன் என்ற நிம்மதி. நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கோடு வரைய ஆரம்பித்தேன்.

"இங்க பாருங்க. ஊசி போட்ட உடனே படகு நிறைய ஆள். பத்து நிமிஷத்துல கூட்டம் சரசரன்னு குறையுது. அப்பறம் வர்ற படகெல்லாம் கிட்டத்தட்ட காலி. பஜார்க்காரன், அதான் தொண்டைத் தசை, கடையை எப்பத் திறந்து வச்சான்ங்கறதுதான் முக்கியம். 10.37ல திறந்தா நல்ல வேட்டை. 10.52ல திறந்தா கிடைச்சது சில்லறை. பதினாலு நிமிஷம் என் நாற்பத்தெட்டை விடப் பெரிசு. வளைவுக்குக் கீழ உள்ள பரப்பைக் கணக்கிட்டா..."

"அதாவது தப்பு இந்தக் கொச்சோடதுன்னு," என்றாள் ஷைனி. "பெத்த அப்பன் படம் வரைஞ்சு நிரூபிக்கிறாரு."

மைதிலி தாளை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். "அப்பா, கடை திறந்திருந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க? நான் போன் பண்ணினா நான்தான் மலையாளப் பாடம் வாசிப்பேன். அத்தைப்பாட்டி கேட்பாங்க. தப்பா வாசிச்சா மட்டும் ம்ஹும்னு சொல்வாங்க."

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம்.

"அது நேருதான்," என்றார் அத்தை. "இவ வாசிப்பா, நான் கேப்பேன். நீ கேப்பே, நான் வாசிக்கணும். நான் வேலைக்குச் சேர்ந்தது மழைக்கு முன்னயா பின்னயா, அந்த மாசம் யாருக்குக் கல்யாணம், பந்தியில யாரு உக்காந்திருந்தா. மூச்சு விட விட்டியாடா?"

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கணக்கு மாதிரியில் பிழை இல்லை. உள்ளே போட்ட ஊகம்தான் தவறு. எங்கள் துறையில் இப்படி நடக்கும்போது, மேலும் தரவு தேவை என்று கட்டுரையை முடித்துவிடுவோம். சாப்பாட்டு மேசையில் அந்த வசதி கிடையாது.

ஷைனி எழுந்து அத்தையின் அருகே போய் நின்றாள். குரல் இறங்கியிருந்தது. "அம்மா, பேசினீங்க, சரி. நாளைக்கு அதை டாக்டர்கிட்ட நீங்களே பறயணும். நான் பறஞ்சா நான் பொய் சொன்ன ஆளாயிடுவேன்."

அத்தை ஜாடியைத் தள்ளி வைத்தார். ராத்திரியில் எடுத்துப் பார்க்கும் அந்தக் காரணத்தை யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. தன் கைப்பட எழுதிய பென்சில் குறிப்பே காட்டிக்கொடுத்துவிட்டது.

"நோட்டை எடுத்துட்டு வா," என்றார்.

6

செவ்வாய்க்கிழமை. டாக்டர் இளைஞர். கையில் அத்தையின் நோட்டும் என் நாட்குறிப்பின் புகைப்படமும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"அம்மே, ஞான் ரெண்டு தவண சோதிச்சதல்லே?"

"சோதிச்சது. நீங்க கேட்ட ரெண்டு தவணையும் நான் பொய் சொன்னேன்," என்றார் அத்தை.

டாக்டர் என்னைப் பார்த்து, நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். எலிகளிலா என்றார். எலிகளில்தான் என்றேன். அதன் பிறகு நான் சொன்ன எதையும் அவர் குறித்துக்கொள்ளவில்லை, ஆனால் சாயா வரவழைத்தார். மூக்கு வழியே ஒரு மெல்லிய குழாயை மட்டும் விட்டு அங்கேயே பார்த்தார்கள். மயக்கமும் இல்லை, துண்டு எடுக்கவும் இல்லை. குரல்நாண்கள் நன்றாக அசைகின்றன, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, ஆனாலும் உள்ளே என்ன என்பதை உறுதியாகச் சொல்லப் படம் மறுபடி வேண்டும் என்றார். இரண்டு வாரம் கழித்து. இந்தத் தடவை வாய் பேசாமல்.

அந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்பதை விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. அத்தை பேசினார், சிரித்தார், கிண்டல் செய்தார். ஆனால் காலையில் அவர் கண்களைப் பார்த்தால் தூங்கவில்லை என்று தெரியும். என் காலவரிசை பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒருநாள் அவரே, "என்னடா, தேதி எல்லாம் தீர்ந்துடுச்சா?" என்றார். தீரவில்லை என்றேன். "அப்ப இருக்கட்டும். படம் நல்லா வந்தா சொல்றேன்," என்றார்.

7

இரண்டாவது ஸ்கேன் அன்று ஷைனி வாசலில் நின்று அத்தையைச் சோதித்தாள். தொடுதிரைப் போன், பொத்தான் போன், நோட்டு, பென்சில், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கடைசியாக இடுப்பு மடியை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். "விமானத்துலகூட இவ்வளவு இல்ல," என்று அத்தை என்னிடம் சொன்னார். ஈயக் கதவு மூடியது. உள்ளே கேமரா உண்டு, ஆனால் அன்று அது காட்டியது நாற்காலியின் முதுகையும் அதற்கு மேலே நரைத்த கொண்டையையும் மட்டுமே. கொண்டை எழுபது நிமிடம் அசையவில்லை. சுரேஷ் அதைத் தன் போனில் படம் பிடிக்க முயன்றான், குடும்ப வரலாற்றுக்காக. நர்ஸ் தடுத்துவிட்டார்.

மாலையில் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். திரையில் அத்தை சாம்பல் நிறத்தில் படுத்திருந்தார். நான் பத்தொன்பது வருடம் பார்த்த படங்களைப் போலவே மூளை பளிச்சென்றும் இதயம் மங்கலாகவும் இருந்தது. கழுத்துக்கு வந்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கழுத்து இருட்டு. இருபுறமும் இருட்டு. எங்குமே ஒன்றும் இல்லை.

அத்தை திரையைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லே?" என்று கேட்டார். "ஒன்னுமில்லா அம்மே," என்றார் டாக்டர். அத்தை ஷைனியின் கையைப் பிடித்து அழுத்தினார். அப்புறம் பேச ஆரம்பித்தவர் மட்டாஞ்சேரி வந்து சேரும் வரை நிறுத்தவில்லை.

நான் திரும்பி வந்துவிட்டேன். ரேடியேஷன் அளக்கும் அட்டையை மறுபடி சட்டையில் குத்திக்கொண்டு, வெதுவெதுப்பான மெத்தையில் தூங்கும் எலிகளின் முன் உட்கார்ந்திருக்கிறேன். புதன்கிழமை ஏழு இருபத்திரண்டுக்கு முன்னால் நான் இப்போது அடிப்பதில்லை. அந்த நேரம் வேறொருவருடையது.

இனி, பதிவு செய்தே ஆக வேண்டிய ஒரு விஷயம். இரண்டாவது அறிக்கையின் கடைசி வரி இப்படி இருக்கிறது: "வலது முன்கைத் தசைகளில் மிதமான ஒளிர்வு, இயல்பானது." அதாவது அந்த எழுபது நிமிடத்தில் அத்தையின் வாய் ஓய்ந்திருந்தது, வலது கை ஓயவில்லை. அந்தக் கையில் போனும் பென்சிலும் இல்லை என்பதற்கு ஷைனி சாட்சி. போன வாரம் கேட்டேன்.

"கொசு அடிச்சேன்டா," என்றார் அத்தை. "அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, ஈயத்துல கதவு, உள்ளே ஒரு கொசு. காதுகிட்ட வந்து வந்து போகுது. திட்டவும் முடியல. கையைத்தான் வீசிக்கிட்டிருந்தேன்."

"கடிச்சுதா?"

"பின்னே? நாலு தடவை."

அப்படியானால் அது என் துறையில் இதுவரை யாரும் கையாண்டதிலேயே மிகச் சிறிய விலங்கு. அத்தையின் ரத்தத்தைக் குடித்துவிட்டு அன்று மாலை வரை அது எர்ணாகுளத்தில் எங்கோ சன்னமாகக் கதிரியக்கம் வீசிக்கொண்டு பறந்திருக்க வேண்டும். மருத்துவமனையில் விசாரித்தேன். அந்த அறையில் கொசு இருக்க வாய்ப்பே இல்லை என்று எழுத்தில் பதில் தந்திருக்கிறார்கள். இருந்தது என்கிறார் அத்தை. ஏற்கெனவே டாக்டரிடம் இரண்டு தடவை பொய் சொன்ன சாட்சி அவர் என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்கிறேன். கொசு இருந்ததா என்பது இதை எழுதும் வரை உறுதிப்படவில்லை.